செட்டில்மென்ட் ஹவுஸ்: ஹல் ஹவுஸ், ஜேன் ஆடம்ஸ், ஃப்ளாரன்ஸ் கெல்லி பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

சோஷியல் வொர்க் படிக்கிறவங்களுக்கு முதல் செமஸ்டர்லயே ஹல் ஹவுஸ்ங்கிற செட்டில்மென்ட் ஹவுஸோட பேர் வந்துடும். ஆனா நோட்ஸ்ல ரெண்டு வரிதான் இருக்கும், 1889, சிகாகோ, ஜேன் ஆடம்ஸ்னு எழுதிட்டு அடுத்த டாபிக் போயிடுவாங்க. அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி எத்தனை பேரோட உழைப்பு இருக்குன்னு படிக்கப் படிக்கத்தான் தெரியும், அதனால என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க சேத்து வெக்கிறேன்.

செட்டில்மென்ட் ஹவுஸ்னா சரியா என்ன?

படிச்சவங்க, கொஞ்சம் வசதியானவங்க, ஏழைங்க இருக்கிற ஏரியாவுக்குப் போய் ஒரு வீடு எடுத்து அங்கேயே குடியிருக்கிறது, அவ்ளோதான். காலைல வந்து உதவி பண்ணிட்டு சாயங்காலம் நல்ல ஏரியாவுல இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிப் போறது கிடையாது. அதே தெரு, அதே தண்ணி, அதே நாத்தம், அதே கவுன்சிலர். அந்த வீட்டுலயே வகுப்பு நடக்கும், குழந்தைங்கள பாத்துப்பாங்க, கிளப் இருக்கும், கூட்டம் நடக்கும். அங்க தங்கி இருக்கிறவங்கள ரெசிடென்ட்னு சொல்வாங்க. அவங்களுக்கு சம்பளம் கிடையாது, தங்குற ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் அவங்கதான் பணம் கட்டணும், அதனால பல பேர் வெளியில வேலை பாத்துக்கிட்டே அங்க இருந்தாங்க.

என்னைக் கேட்டா இந்த இயக்கத்தோட மொத்த பலமும் அந்தக் குடியிருப்புலதான் இருக்கு. மத்ததெல்லாம், அதாவது கிளாஸ், கிளப், சட்டம், புள்ளிவிவரம், எல்லாமே அங்க குடியிருந்ததால வந்த விஷயங்கள்.

இது அமெரிக்காவுல ஆரம்பிச்சதா?

இல்ல, லண்டன்ல. கிழக்கு லண்டன் வைட்சேப்பல்ல சாமுவேல் பார்னெட்னு ஒரு பாதிரியார், அவர் மனைவி ஹென்ரியட்டா, ரெண்டு பேரும் 1873-லயே அங்க வந்துட்டாங்க. அவரோட பிஷப்பே இந்த மறைமாவட்டத்துலயே மோசமான பங்கு இதுதான்னு சொல்லித்தான் அனுப்பினார். பத்து வருஷத்துக்கு மேல அங்க இருந்து பாத்துட்டு, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் பசங்க இங்க வந்து தங்கணும், இந்த மக்களத் தெரிஞ்சுக்கணும்னு சொல்லி 1884-ல டாயின்பீ ஹால ஆரம்பிச்சாங்க. 30 வயசுல இறந்துபோன ஆர்னால்ட் டாயின்பீங்கிற பொருளாதார ஆசிரியர் நினைவா வெச்ச பேர் அது. பின்னாடி இங்கிலாந்தோட சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 1942-ல அறிக்கை எழுதின வில்லியம் பெவரிட்ஜ், பிரதமரான கிளமென்ட் அட்லி, ரெண்டு பேருமே இளவயசுல டாயின்பீ ஹால்ல வேலை பாத்தவங்க.

அமெரிக்காவுலயும் ஹல் ஹவுஸ் முதல் இல்ல, 1886-ல நியூயார்க்ல ஸ்டான்டன் காய்ட் ஒண்ணு ஆரம்பிச்சிட்டார். எக்ஸாம்ல நிறைய பேர் தப்பு பண்ற இடம் இது.

அப்போ ஜேன் ஆடம்ஸ் எப்படி இதுக்குள்ள வந்தாங்க?

1860-ல இலினாய் மாநிலத்துல சீடர்வில்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தவங்க, அப்பா மில் ஓனர், மாநில செனட்டர். காலேஜ் முடிச்சாங்க, அப்பா இறந்துட்டார், மருத்துவம் படிக்கப் போய் உடம்பு முடியாம நிறுத்தினாங்க, அப்புறம் ஏழெட்டு வருஷம் என்ன பண்றதுன்னே தெரியாம இருந்தாங்க, நடுவுல ரெண்டு தடவை ஐரோப்பா சுத்தினாங்க. அந்தக் காலத்துல படிச்ச பொண்ணுக்கு ஒண்ணு கல்யாணம், இல்லன்னா டீச்சர் வேலை, அதுக்கு மேல வழி கிடையாது. 1888-ல டாயின்பீ ஹால நேர்ல போய்ப் பாத்தாங்க. அடுத்த வருஷமே, 1889 செப்டம்பர் 18, தன்னோட காலேஜ் தோழி எலன் கேட்ஸ் ஸ்டார் கூட சிகாகோ ஹால்ஸ்டெட் தெருவுல ஒரு பழைய மாளிகையில குடிபுகுந்துட்டாங்க. சார்ல்ஸ் ஹல்ங்கிறவர் 1856-ல கட்டின வீடு. இவங்க வர்றப்போ அதுக்கு ஒரு பக்கம் சவ அடக்கம் பண்ற கடை, இன்னொரு பக்கம் சாராயக் கடை. சுத்தி இத்தாலியர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர், கிரேக்கர், ரஷ்யாவுல இருந்தும் போலந்துல இருந்தும் வந்த யூதர், பொஹீமியர்னு பிழைப்புக்கு வந்த மக்கள்.

தர்மம் பண்றதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அப்போ இருந்த தர்ம சங்கங்கள் ஏழையப் பாத்து இவன் தகுதியானவனா இல்லையான்னு முதல்ல விசாரிக்கும். குடிப்பழக்கம், சோம்பேறித்தனம், ஒழுக்கம், இப்படி காரணத்த அந்த ஆள்கிட்டயே தேடுவாங்க. செட்டில்மென்ட்காரங்க அந்தத் தெருவுலயே இருந்ததால அவங்களுக்கு வேற மாதிரி தெரிஞ்சது, கூலி எவ்ளோ, வாடகை எவ்ளோ, எத்தனை மணி நேர வேலை, வேலை நின்னா என்ன ஆகுதுன்னு கண்ணு முன்னாடி பாத்தாங்க.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன். முதல் வருஷ கிறிஸ்துமஸுக்கு ஹல் ஹவுஸ்ல குழந்தைங்களுக்கு மிட்டாய் கொடுத்தாங்க, சில சின்னப் பொண்ணுங்க வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஏம்மான்னு கேட்டா, நாங்க மிட்டாய் ஃபேக்டரியிலதான் வேலை பாக்குறோம், மிட்டாயப் பாக்கவே பிடிக்கலன்னு சொல்லியிருக்காங்க. காலைல 7 மணில இருந்து ராத்திரி 9 மணி வரைக்கும் வேலை, ஆறு வாரமா. அதே குளிர்காலத்துல, அவங்க கிளப்புக்கு வர்ற மூணு பையனுங்க ஒரே ஃபேக்டரியில ஒரே மெஷின்ல அடிபட்டாங்க, அதுல ஒருத்தன் செத்துட்டான். சில டாலர் செலவுல ஒரு தடுப்பு போட்டிருந்தா நடந்திருக்காது. ஓனர் பதறிப்போய் ஏதாவது பண்ணுவார்னு ஆடம்ஸ் எதிர்பாத்தாங்க, ஒண்ணுமே பண்ணல. தர்ம சங்கத்து ஃபைல்ல இதெல்லாம் வராது, பக்கத்து வீட்டுல இருந்தாதான் தெரியும்.

தினமும் அங்க என்னதான் நடந்துச்சு?

காலைல கிண்டர்கார்டன், வேலைக்குப் போற அம்மாக்களோட குழந்தைங்களப் பாத்துக்கிற இடம், மத்தியானம் பெரிய பசங்க கிளப், ராத்திரி பெரியவங்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ், தையல், சமையல், பாட்டு, நாடகம், தொழிற்சங்கக் கூட்டம். ரெண்டாவது வருஷத்துலயே வாரத்துக்கு ஏறக்குறைய 2,000 பேர் வந்து போனாங்க. 1907-க்குள்ள அது 13 கட்டடமா வளந்துடுச்சு. ஜாஸ் கிளாரினெட் வாசிச்சு உலகப் புகழ் வாங்கின பென்னி குட்மன் சின்னப் பையனா இருந்தப்போ ஹல் ஹவுஸ் பேண்டுலயும் வாசிச்சவர்தான்.

குழந்தைங்களப் பாத்துக்கிற இடம் எப்படி வந்துச்சுன்னு ஆடம்ஸே எழுதியிருக்காங்க, அதப் படிச்சா ரெண்டு நாளைக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். அந்த ஏரியாவுல அவங்க முதல் முதல்ல பாத்த, உடம்பு ஊனமான மூணு குழந்தைங்க. ஒண்ணு மூணாவது மாடி ஜன்னல்ல இருந்து விழுந்தது, ஒண்ணு தீயில வெந்தது, மூணாவது குழந்தைக்கு முதுகெலும்பு வளைஞ்சு போச்சு, ஏன்னா மூணு வருஷமா அத பகல் முழுக்க சமையல்கட்டு மேஜைக்கால்ல கட்டிப் போட்டிருந்தாங்க. மத்தியானம் பக்கத்து ஃபேக்டரியில இருந்து அண்ணன் ஓடி வந்து அவிழ்த்து விட்டு கூட உக்காந்து சாப்பிடுவான், அப்புறம் திரும்பக் கட்டிட்டுப் போவான். அம்மா கல்நெஞ்சக்காரி இல்ல, அவ வேலைக்குப் போகலன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது.

இவங்க பண்ணதெல்லாம் சரியா வந்துடலங்கிறதையும் சேத்துச் சொல்லணும். சத்தான சாப்பாட்ட மலிவா கொடுக்கணும்னு அறிவியல் முறைப்படி ஒரு பொதுச் சமையலறை ஆரம்பிச்சாங்க, பாஸ்டன்ல போய் ட்ரெயினிங் எடுத்துட்டு வந்து, எந்த சூப்ல எவ்ளோ சத்துன்னு எல்லாம் கணக்குப் போட்டு. ஏரியா ஜனங்க வாங்கவே இல்ல. ஒரு அம்மா முகத்துக்கு நேராவே, அதுல சத்து இருக்கலாம், ஆனா எனக்குப் பிடிச்சதத்தான் நான் சாப்பிடுவேன்னு சொல்லிட்டாங்க. இத்தாலிக்காரங்க அவங்க ஊர்ச் சாப்பாட்ட விட்டுட்டு எதுக்கு உப்புச் சப்பில்லாத சூப்ப குடிக்கணும்? அந்த அம்மா பக்கம்தான் நியாயம்.

ஜேன் ஆடம்ஸ் குப்பை இன்ஸ்பெக்டரா வேலை பாத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான். ஹல் ஹவுஸ் இருந்த 19-வது வார்டுல தெருவோரத்துல பெரிய மரப்பெட்டிங்கள பதிச்சு வெச்சு அதுலதான் குப்பை கொட்டுவாங்க, அழுகிப்போன பழம், மீன் எல்லாம் அதுல, தத்தி நடக்கிற குழந்தை முதல்ல ஏறி விளையாடுற இடமும் அதுதான். குப்பை கான்ட்ராக்ட் அரசியல் செல்வாக்கு இருக்கிறவங்களுக்குப் போகும், அள்ளுறது சரியா நடக்காது. வார்டுல சாவு எண்ணிக்கை அதிகமா இருக்கேன்னு ஹல் ஹவுஸ் மகளிர் கிளப் 1894-ல களத்துல இறங்குச்சு. ரெசிடென்ட்டுங்க மட்டும் இல்ல, அந்தத் தெருவுல இருக்கிற ஐரிஷ் அம்மாங்கதான் பெரும்பாலும், பகல் முழுக்க அடுப்படி வேலை பாத்துட்டு கோடை வெக்கையில சாயங்காலம் சந்து சந்தா போய் எழுதிட்டு வந்தாங்க. ரெண்டு மாசத்துல 1,037 விதிமீறல் புகார் மாநகராட்சிக்குப் போச்சு.

அடுத்த வருஷம் ஆடம்ஸே குப்பை கான்ட்ராக்ட்டுக்கு டெண்டர் போட்டாங்க. ஏதோ ஒரு காரணம் சொல்லி டெண்டர தள்ளிட்டாங்க, ஆனா பேப்பர்ல எல்லாம் வந்துட்டதால மேயர் அவங்களையே வார்டு குப்பை இன்ஸ்பெக்டரா போட்டுட்டார், வருஷத்துக்கு 1,000 டாலர் சம்பளம். காலைல 6 மணிக்கு எழுந்து வண்டிங்க பின்னாடியே குப்பைக்கிடங்கு வரைக்கும் போய்ப் பாப்பாங்க. 9 வண்டி ஓடுன இடத்துல 13 ஓடணும்னு நின்னாங்க, அப்புறம் 17 ஆச்சு. செத்த மாடு குதிரைய உடனே எடுக்க வெச்சாங்க. ஒரு குறுகலான தெருவுல பதினெட்டு அங்குலத்துக்குக் கீழ தளம் போட்ட தெரு இருக்கிறதக் கண்டுபிடிச்சாங்க! சாவு எண்ணிக்கையில நகரத்துல மூணாவதா இருந்த வார்டு ஏழாவது இடத்துக்கு இறங்குச்சு.

ஃப்ளாரன்ஸ் கெல்லி யாரு? அவங்க பேர் ஏன் இவ்ளோ பேசப்படல?

பேசப்படணும். ஜேன் ஆடம்ஸ் வீட்டத் திறந்தாங்க, ஆனா அந்த வீட்டுக்கு சட்டத்து மேல கண்ண வெக்கக் கத்துக்கொடுத்தது கெல்லிதான்னு நான் நினைக்கிறேன். ஃபிலடெல்ஃபியா எம்.பி. ஒருத்தரோட பொண்ணு, கார்னெல்ல படிச்சவங்க, ஸூரிக்ல படிக்கிறப்போ சோஷலிஸ்ட் ஆனாங்க, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பத்தி எங்கெல்ஸ் எழுதின புத்தகத்த இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவங்க. கணவரோட அடி தாங்காம மூணு குழந்தைங்களத் தூக்கிக்கிட்டு நியூயார்க்ல இருந்து கிளம்பி, 1891 கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட பனி கொட்டுற ஒரு காலைல ஹல் ஹவுஸ் வாசல்ல வந்து நின்னாங்க. குழந்தைங்கள ஊருக்கு வெளிய ஒரு நண்பர் குடும்பத்துல விட்டுட்டு, இவங்க ஹல் ஹவுஸ்ல ரெசிடென்ட்டா சேந்துட்டாங்க.

அப்போ சிகாகோவுல ரெடிமேட் துணி பாதி வீடுகள்லதான் தெச்சாங்க. ஒரே ரூம்ல குடும்பம் தூங்கும், சமைக்கும், கோட்டும் தைக்கும், நாலஞ்சு வயசுக் குழந்தை நூல் பிடுங்கும், பட்டன் வெக்கும். கெல்லி மாடி மாடியா ஏறி இத எழுதி எடுத்தாங்க. அதோட விளைவா 1893-ல இலினாய்ல சட்டம் வந்துச்சு: 14 வயசுக்குக் கீழ ஃபேக்டரி வேலை கூடாது, பொண்ணுங்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான், வீட்டுத் தையலுக்குக் கட்டுப்பாடு. கவர்னர் ஆல்ட்கெல்ட் கெல்லியையே முதல் தலைமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டரா போட்டார், மொத்தம் 12 பேர் கொண்ட டீம். வழக்குப் போட அரசு வக்கீல் அக்கறை காட்டலன்னு தெரிஞ்சதும் வேலை பாத்துக்கிட்டே சட்டம் படிச்சு முடிச்சாங்க, இப்படி ஒரு பிடிவாதம் எத்தனை பேருக்கு வரும்! பெரியம்மை வந்தப்போ நோய் இருக்கிற வீடுகள்லயே கடைக்குப் போற துணி தைக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சு அத எரிக்கணும்னு சண்டை போட்டாங்க.

முதலாளிங்க சும்மா இருப்பாங்களா? 1895-ல மாநில சுப்ரீம் கோர்ட் 8 மணி நேர விதிய ரத்து பண்ணிடுச்சு, ஒப்பந்த சுதந்திரத்துக்கு எதிரானதாம். 1897-ல ஆட்சி மாறினதும் வேலையும் போச்சு. கெல்லி விடல. 1899-ல நியூயார்க் போய் தேசிய நுகர்வோர் லீகுக்குத் தலைமை ஏத்து, குழந்தை உழைப்பு இல்லாம தெச்ச துணிக்குத் தனி லேபிள் கொண்டு வந்து, கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தாங்க.

இவ்ளோ செலவுக்குப் பணம் எங்க இருந்து வந்துச்சு?

ஆரம்பத்துல ஆடம்ஸோட சொந்தப் பணம், அப்பா விட்டுட்டுப் போன சொத்து. வீடு ஹெலன் கல்வர்ங்கிற அம்மாவோடது, அவங்க 1890-ல வாடகையே வேணாம்னுட்டாங்க. மேரி ரோஸட் ஸ்மித், லூயிஸ் போவன், இந்த ரெண்டு வசதியான பெண்கள் பல வருஷம் விடாம கொடுத்தாங்க, போவன் பணத்தோட நிக்காம நிர்வாகத்துலயும் உக்காந்து உழைச்சாங்க. இவங்க இல்லன்னா ஹல் ஹவுஸ் சில வருஷத்துலயே மூடியிருக்கும்.

வேணாம்னு சொன்ன பணத்தப் பத்தியும் தெரிஞ்சுக்கணும். வேலை பாக்குற பொண்ணுங்க சேந்து தங்குற ஜேன் கிளப்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்குக் கட்டடம் கட்ட 20,000 டாலர் கொடுக்க ஒருத்தர் முன்வந்தார், ஆனா அவர் தன் ஃபேக்டரியில பொண்ணுங்களுக்குக் கூலி குறைச்சுக் கொடுக்கிறவர்னு ஊருக்கே தெரியும், அதனால வாங்கல. அந்த ஃபேக்டரி சட்டத்துக்காகப் போராடுறப்போ வேற ஒரு தூது வந்துச்சு, இந்த சட்டப் பேச்ச விட்டுட்டா முதலாளிங்க சங்கம் ஹல் ஹவுஸுக்கு 50,000 டாலர் கொடுக்கும்னு. தன்கிட்ட லஞ்சம் பேசுற அளவுக்கு நாம நடந்துக்கிட்டோமான்னு ஆடம்ஸ் ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க. நிதி தேடி அலையுற என்ஜிஓ-காரங்க இந்த ரெண்டு சம்பவத்தையும் கண்டிப்பா படிக்கணும்.

லிலியன் வால்ட் என்ன பண்ணாங்க?

நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடு. வால்ட் ஒரு நர்ஸ், 1893-ல அங்க இருக்கிற பெண்களுக்கு வீட்டு நர்ஸிங் கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நாள் ஒரு சின்னப் பொண்ணு வந்து எங்க அம்மாவுக்கு முடியலன்னு கூப்பிட, பின்னாடியே போனாங்க, உடைஞ்ச படிக்கட்டு ஏறி உள்ள போனா பிரசவம் ஆகி ரெண்டு நாளா ரத்தக் கறையோட படுத்திருக்காங்க அந்த அம்மா, ரெண்டே ரூம்ல ஏழு பேர் குடும்பம், அது போக வாடகைக்கு ஆள் வேற. அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க, இங்கேயே வந்து குடியிருக்கிறதுன்னு. கூட மேரி ப்ரூஸ்டர்னு இன்னொரு நர்ஸ். 1895-ல ஜேக்கப் ஷிஃப்ங்கிற பேங்கர் 265 ஹென்றி ஸ்ட்ரீட் வீட்ட வாங்கிக் கொடுத்தார்.

அங்க இருந்து நர்ஸுங்க வீடு வீடா போனாங்க, பக்கத்து மாடிக்குப் போகணும்னா கீழ இறங்கி ஏறாம கூரை வழியாவே தாண்டிப் போவாங்க. ஸ்கூல்ல கண்ணு நோய், சிரங்கு இருக்கிற பிள்ளைங்கள டாக்டர் வந்து பாத்து வீட்டுக்கு அனுப்பிடுவார், ஆனா வீட்டுல யாரும் வைத்தியம் பாக்க மாட்டாங்க, பிள்ளை தெருவுல அதே கூட்டாளிங்களோட விளையாடும், படிப்பு மட்டும் போகும். வால்ட் 1902-ல ஒரு மாசத்துக்கு எங்க நர்ஸ் ஒருத்தர அனுப்புறோம், பாருங்கன்னு சொல்லி லினா ராஜர்ஸ நாலு ஸ்கூலுக்கு அனுப்பினாங்க. சரியா வந்துச்சு, நகராட்சியே ஸ்கூல் நர்ஸுங்கள வேலைக்கு எடுத்துடுச்சு. அமெரிக்காவுல ஸ்கூல் நர்ஸ்ங்கிற வேலை அப்படித்தான் வந்துச்சு.

சிகாகோவுல இருந்து வந்த கெல்லி பல வருஷம் தங்குனது இந்த ஹென்றி ஸ்ட்ரீட்லதான். பருத்திச் செடிப் பூச்சிக்கு அரசாங்கத்துல ஒரு துறை இருக்கு, குழந்தைங்களுக்கு ஏன் இல்லன்னு இவங்க ரெண்டு பேரும் கேட்ட கேள்விதான் 1912-ல மத்திய அரசோட குழந்தைகள் துறையா வந்தது. முதல் தலைவர் ஜூலியா லேத்ரப், அவங்களும் ஹல் ஹவுஸ் ரெசிடென்ட். அவங்க முதல்ல எடுத்த ஆய்வு பென்சில்வேனியாவுல ஜான்ஸ்டவுன்ல பச்சைக் குழந்தைங்க ஏன் சாகுதுன்னு. அப்பாவோட வருமானம் எவ்ளோ குறைவோ அவ்ளோ அதிகமா குழந்தைங்க சாகுதுன்னு அதுல தெளிவா வந்துச்சு. லேத்ரப்புக்கு அப்புறம் 1921-ல கிரேஸ் அபாட், அவங்களும் அதே ஹால்ஸ்டெட் தெரு வீட்டுல இருந்து வந்தவங்க. 1899-ல சிகாகோவுல வந்த முதல் சிறார் நீதிமன்றத்துக்குப் பின்னாடியும் லேத்ரப்பும் இந்தக் கூட்டமும்தான்.

ஆராய்ச்சியும் பண்ணாங்களா?

நிறைய. 1893-ல கெல்லி தலைமையில ஆட்கள் வீடு வீடா போய் யார் எந்த நாட்டுல இருந்து வந்தவங்க, வாரக் கூலி எவ்ளோன்னு எடுத்து, ஒவ்வொரு வீட்டையும் கலர் அடிச்சு மேப் போட்டாங்க, 1895-ல ஹல் ஹவுஸ் பேர்லயே புத்தகமா வந்துச்சு. 18 நாட்டு ஜனங்க அந்தச் சின்ன இடத்துல இருந்தது அதுலதான் கண்ணுக்குத் தெரிஞ்சது.

ஆலிஸ் ஹாமில்டன் கதை இன்னும் பெருசு. டாக்டர், 1897-ல ஹல் ஹவுஸுக்குக் குடி வந்தாங்க. பக்கத்து வீட்டு ஆம்பளைங்களுக்கு ஏன் கை விழுந்து போகுது, ஏன் வயித்து வலின்னு பாக்கப் போய், பெயின்ட்டுக்கான வெள்ளை ஈயம் செய்யற இடம், பேட்டரி, பாத்ரூம் தொட்டிக்கு எனாமல் பூசுற இடம்னு ஒவ்வொரு ஃபேக்டரியா ஏறி இறங்கினாங்க. 1910-ல இலினாய் அரசு எடுத்த தொழில்நோய் ஆய்வ நடத்தினது அவங்கதான். ஓனர் கணக்க நம்பாம ஆஸ்பத்திரி ரிக்கார்டையும் தொழிலாளி வீட்டையும் பாத்ததாலதான் நோய் வெளிய வந்துச்சு. 1919-ல ஹார்வர்டு யுனிவர்சிட்டி ஆசிரியரா எடுத்த முதல் பெண் இவங்க.

ஏன் எல்லாமே பெண்களாவே இருக்காங்க?

லண்டன்ல ஆம்பளைங்கதான் ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல பாஸ்டன் ராபர்ட் வுட்ஸ், சிகாகோ கிரஹாம் டெய்லர் மாதிரி ஆட்கள் உண்டு. ஆனா பெண்கள் அதிகம், காரணம் அவங்களுக்கு அப்போ ஓட்டு கூட கிடையாது, வக்கீல், டாக்டர், புரொஃபசர் வேலைக்குக் கதவு பாதி மூடியே இருந்துச்சு. செட்டில்மென்ட்ல ஒரு மேஜை, கூடப் பேச அறிவாளிங்க, நிஜமான வேலை, சமைச்சுப் போட்டுக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாத வீடு, எல்லாம் கிடைச்சது. ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில ஒருத்தர் கோர்ட் பத்திப் பேச, இன்னொருத்தர் டைஃபாய்டு பத்திப் பேசன்னு போகும். அமெரிக்காவுல 1891-ல 6 செட்டில்மென்ட் இருந்துச்சு, 1897-ல 74, 1910-ல 400-ஐத் தாண்டிடுச்சு.

கறுப்பின மக்களுக்கு இடம் இருந்துச்சா?

இந்த இயக்கத்தோட பெரிய குறை இது, மறைக்கக் கூடாது. ஐரோப்பாவுல இருந்து வந்தவங்களுக்குக் கதவத் திறந்த பல செட்டில்மென்ட்கள் கறுப்பின அண்டை வீட்டாருக்குத் திறக்கல, சிலது தனி நாள் தனி கிளப்னு வெச்சது. ஆடம்ஸும் வால்டும் 1909-ல கறுப்பினர் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி தொடங்குறதுக்குத் துணை நின்னவங்கதான், இருந்தாலும் மொத்த இயக்கத்தையும் பாத்தா நிலைமை இதுதான்.

அதனால கறுப்பினப் பெண்கள் தாங்களே கட்டினாங்க. வர்ஜீனியா ஹாம்ப்டன்ல ஜேனி போர்ட்டர் பாரெட் 1890-ல தன் சொந்த வீட்டுலயே லோகஸ்ட் ஸ்ட்ரீட் செட்டில்மென்ட்ட ஆரம்பிச்சாங்க. நியூயார்க்ல விக்டோரியா எர்ல் மேத்யூஸ் 1897-ல, தெற்குல இருந்து தனியா வேலை தேடி வர்ற பொண்ணுங்க ஏமாத்துக்காரங்க கையில சிக்காம இருக்க வொயிட் ரோஸ் மிஷன். அட்லாண்டாவுல லுஜீனியா பர்ன்ஸ் ஹோப் 1908-ல நெய்பர்ஹுட் யூனியன், ஊரையே பகுதி பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பொறுப்பு கொடுத்து வீடு வீடா சர்வே எடுத்தாங்க, ஸ்கூல்களோட கேவலமான நிலைய எழுதி நகராட்சி முன்னாடி வெச்சாங்க. பணக்காரப் புரவலர் இல்லாம, சில்லறை சில்லறையா சேத்து நடத்தினது இதெல்லாம். சிலபஸ்ல இவங்க மூணு பேரும் வராதது எனக்கு இன்னைக்கும் கோபம் வரவைக்கிற விஷயம்.

லோக்கல் அரசியல்ல என்ன ஆச்சு?

தோத்தாங்க. ஜானி பவர்ஸ்ங்கிற வார்டு ஆல்டர்மேன், அதாவது கவுன்சிலர், ஊழல்வாதின்னு எல்லாருக்கும் தெரியும். ஹல் ஹவுஸ் அவருக்கு எதிரா ஆள் நிறுத்திப் பாத்துச்சு, 1898-ல முழு மூச்சா இறங்குச்சு, அவர்தான் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சார். ஏன்னு ஆடம்ஸ் உக்காந்து யோசிச்சு எழுதினது இன்னைக்கு நம்ம ஊர்ல படிச்சாலும் பொருந்தும். பவர்ஸ் கல்யாணத்துக்கு வருவார், சாவுக்கு வண்டி அனுப்புவார், கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கொடுப்பார், பையன ஜாமீன்ல எடுப்பார், வேலை வாங்கிக் கொடுப்பார். கஷ்டத்துல வந்து நிக்கிறவன்தான் நல்லவன்னு ஜனங்க நினைக்கிறதுல என்ன தப்பு, சீர்திருத்தம் பேசுறவங்க அந்த மாதிரி கூட நிக்கிறாங்களான்னு அவங்க தன் கூட்டத்தப் பாத்தே கேட்டாங்க. ஜனங்கள முட்டாள்னு ஒரு இடத்துலயும் சொல்லல.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் ஜேன் ஆடம்ஸ திட்டினாராமே?

1896-ல ரஷ்யா போய்ப் பாத்தாங்க. அப்போ ஃபேஷன் உப்பிப்போன பெரிய கை வெச்ச கவுன். டால்ஸ்டாய் அந்தக் கைத்துணிய இழுத்துப் பிடிச்சு, இதுல ஒரு சின்னப் பொண்ணுக்கே சட்டை தெச்சிடலாமே, இது உங்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல தடையா இல்லையான்னு கேட்டார். அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன வழின்னு கேட்டப்போ ஊர்ல நிலம் இருக்குன்னு சொன்னாங்க, அப்போ நீங்க ஊர்ல இல்லாத நிலச்சுவான்தார்னு சொல்லிட்டார். ரொம்ப பாதிச்சிடுச்சு. திரும்பி வந்ததும் தினமும் ரெண்டு மணி நேரம் ஹல் ஹவுஸ் பேக்கரியில தன் கையால ரொட்டி செய்யணும்னு முடிவெடுத்தாங்க. ஆனா வந்து பாத்தா வாசல்ல ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க, பிரிக்காத கடிதம் குவிஞ்சு கிடக்கு, இவங்கள எல்லாம் நிக்க வெச்சிட்டு நான் என் ஆத்ம திருப்திக்கு ரொட்டி செய்யறதான்னு அத விட்டுட்டாங்க. என் பார்வையில அது சரியான முடிவு.

ஆடம்ஸுக்கு நோபல் பரிசு இந்த செட்டில்மென்ட் வேலைக்காகவா கொடுத்தாங்க?

அமைதிக்கான நோபல், 1931-ல, இன்னொருத்தரோட பகிர்ந்து. முதல் உலகப் போர எதிர்த்ததுக்கு அவங்க கொடுத்த விலை பெருசு. 1915-ல ஹேக் நகரத்துல நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிட்டு வந்து, படையினருக்குக் கத்திச் சண்டைக்கு முன்னாடி போதை கொடுத்து அனுப்புறாங்கன்னு அங்க கேட்டத மேடையில சொன்னாங்க, அது வரைக்கும் கும்பிட்ட பத்திரிகைங்க எல்லாம் திரும்பிடுச்சு. வருஷக்கணக்கா தேசத்துரோகின்னு பேர். 1935 மே மாசம் இறந்தாங்க.

இந்தியாவுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

இருக்கு, ரெண்டு சொல்றேன். கிழக்கு லண்டன்ல மியூரியல் லெஸ்டர், டோரிஸ் லெஸ்டர்னு அக்கா தங்கச்சி 1915-ல ஆரம்பிச்ச கிங்ஸ்லி ஹால்லதான் 1931-ல வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி தங்கினார், ஹோட்டல் வேணாம், ஏழைங்க மத்தியில இருக்கணும்னு 12 வாரம்.

இன்னொண்ணு பம்பாய். சிகாகோவுல படிச்ச கிளிஃபோர்டு மான்ஷார்ட் 1926-ல நாக்பாடாவுல நெய்பர்ஹுட் ஹவுஸ் ஆரம்பிச்சார், செட்டில்மென்ட் மாதிரியே. அங்க வேலை பாக்க ட்ரெயினிங் எடுத்த ஆட்கள் வேணுமேங்கிற தேவையில இருந்து 1936-ல டாடா அறக்கட்டளை உதவியோட சோஷியல் வொர்க் காலேஜ் வந்துச்சு, மான்ஷார்ட்தான் முதல் இயக்குநர். இன்னைக்கு டிஸ்னு (டாடா இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ்) எல்லாரும் சொல்றோமே, அதுதான். இங்க சோஷியல் வொர்க் படிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஹால்ஸ்டெட் தெரு ஒரு வகையில சொந்தம்தான்.

அந்த இடங்கள் எல்லாம் இப்போ இருக்கா?

ஹல் ஹவுஸோட 13 கட்டடத்துல பெரும்பாலானத 1960-கள்ல இலினாய் யுனிவர்சிட்டி கேம்பஸுக்காக இடிச்சிட்டாங்க. அந்த ஏரியா இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்க எதிர்த்துப் போராடினாங்க, நிக்கல. பழைய மாளிகையும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும் மியூசியமா இருக்கு. ஹல் ஹவுஸ் சங்கம் ஊர் முழுக்கப் பரவி வேலை பாத்துக்கிட்டிருந்துச்சு, கடன் தாங்காம 2012 ஜனவரியில மூடிட்டாங்க, 122 வருஷம் ஓடின அமைப்பு. கடைசிக் காலத்துல அது பெரும்பாலும் அரசாங்க நிதிய நம்பித்தான் இருந்துச்சுன்னு சொல்றாங்க, ரெசிடென்ட்டுங்க அங்கேயே குடியிருக்கிற வழக்கம் எப்பவோ போயிடுச்சு. டாயின்பீ ஹால் இன்னும் வைட்சேப்பல்ல இலவச சட்ட உதவி கொடுத்துக்கிட்டிருக்கு. ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் அதே 265-ம் நம்பர் வீட்டுல இருந்து இன்னைக்கும் வேலை பாக்குது. நர்ஸிங் பிரிவு மட்டும் 1944-ல தனி நிறுவனமா பிரிஞ்சு போச்சு.